மூன்றில் ஒரு ஃபியூஸைக் கழற்றியவள்

கடையில் புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு முதல் வாரம் கொடுத்த கையேட்டை நானும் படித்திருக்கிறேன். சப்மெர்சிபிள் மோட்டாரை எப்படி இறக்குவது, கேபிளுக்கு எப்படி ஜாயின்ட் போடுவது, எர்த் ஒயரை எங்கே இணைப்பது எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். படத்தில் இருப்பவர் ஹெல்மெட், கையுறை, பளபளக்கும் பூட்ஸ் எல்லாம் அணிந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். ஒன்பது வருடம் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் மோட்டார் இறக்கியும் ஏற்றியும் அப்படிச் சிரிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. பூட்ஸையும் பார்த்ததில்லை.

அந்தக் கையேட்டில் மாடியில் குடியிருப்பவர்கள் ஒருவர்கூட வருவதில்லை. நம் வேலையில் பாதி ஆபத்து அங்கிருந்துதான் படியிறங்கி வருகிறது. அதனால் இதை எழுதுகிறேன். அடுத்த மாதம் முதல் நான் வெளி வேலைக்கு வரப் போவதில்லை. முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது, கடையின் பின்பக்கம் மோட்டார் சோதிக்கும் பிரிவில் உட்காரப் போகிறேன். முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றவள்போல் அறிவுரை சொல்வது கொஞ்சம் ஓவர்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கடலுக்குப் போவார். அம்மா மீன் கூடையோடு பஸ் ஏறி வந்து சேலையூர் கேம்ப் ரோட்டில் வியாபாரம் செய்வார். நான் எலெக்ட்ரிகல் டிப்ளமா முடித்ததும் அம்மா அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து கூடைக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்துவிட்டார். வாடிக்கையாளர் ஒருவர், "இன்னாமா, வஞ்சரம் வாங்கினாத்தான் டிப்ளமாவைக் காட்டுவியா?" என்று கேட்டிருக்கிறார். "வாங்காட்டியும் பாத்துக்கோ சார். பாக்குறதுக்குத் துட்டு இல்ல" என்று அம்மா சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் அந்தச் சான்றிதழை மோந்து பார்த்தால் லேசாகச் சங்கரா மீன் வாடை வரும்.

எனக்கு அதில் பெருமை. இப்போதும் பெருமைதான், மறைக்கவில்லை. அதையும் கட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டு சம்ப் பக்கம் போனதுதான் தப்பு.

சேர்ந்த முதல் வருடமே அது தெரிந்திருக்க வேண்டும். குரோம்பேட்டையில் ஒரு வீட்டில் மூன்று ஃபேஸ் மோட்டாரை இறக்கினோம். தண்ணீர் நூல் மாதிரி வந்தது. கோடையில் நிலத்தடி நீர் எப்படிக் கீழே போகிறது என்று வீட்டுக்காரருக்குக் கால் மணி நேரம் விளக்கினேன். அவரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னோடு வந்திருந்த சேகர் அண்ணன் பைப் இழுக்கிறவர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். அவர் பீடியைக் காதில் சொருகிக்கொண்டு போய், ஸ்டார்ட்டரில் இரண்டு ஒயரை இடம் மாற்றிப் போட்டார். அதுவரை தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்த மோட்டார் நேராகச் சுற்ற, பைப்பிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் வீட்டுக்காரரின் கண்ணாடியையே கழற்றிக்கொண்டு போனது. "நெலத்தடி நீரு ஏறிடுச்சி சார்" என்றார் சேகர் அண்ணன். அன்றிலிருந்து எனக்குப் பெயர் டிப்ளமா.

இனி முடிச்சூர் கதை. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் நடந்தது.

எட்டு வீடு உள்ள ஃபிளாட். குழாயைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது என்று புகார். தரைக்கடியில் இருக்கும் சம்ப்புக்குள் மோட்டார் மூழ்கிக் கிடக்கிறது, அதன் காயிலிலிருந்து கரண்ட் கசிந்து தண்ணீருக்கு வருகிறது. மோட்டாரை வெளியே எடுத்து மாற்ற வேண்டும். சேகர் அண்ணனும் நானும் போனோம்.

அசோசியேஷன் செயலாளர் ஸ்டெல்லா டீச்சர் தரைத்தளத்தில் இருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். மாடிப்படிக்கு அடியில் இருந்த மோட்டார் போர்டைக் காட்டினார். வெள்ளம் வந்த வருடத்துக்குப் பிறகு அதை ஆள் உயரத்துக்குத் தூக்கி மாட்டியிருந்தார்கள். போர்டில் மூன்று ஃபியூஸ் கட்டைகள். அவற்றுக்கு மேலே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று சிறிய விளக்குகள். அதற்குப் பக்கத்தில் ஃபேஸ் மாற்றுகிற திருகு. அதற்குக் கீழே ஸ்டார்ட்டரும், மேல் தொட்டி காலியானால் தானாகவே மோட்டாரைப் போடுகிற ஆட்டோ கருவியும். கட்டடம் முழுவதற்குமான மெயின் சுவிட்ச் தனியாக, இரும்புப் பெட்டியில், ஓரமாக இருந்தது.

ஃபேஸ் மாற்றுகிற திருகு உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்து ஃபிளாட்டுகளில் அது இல்லாத இடம் கிடையாது. மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால், திருகை அடுத்ததற்குத் திருப்பினால் மோட்டார் ஓடும். இதற்கு யாரும் யாரையும் கேட்பதில்லை. வாட்ச்மேன் திருப்புவார், பால் போட வருபவர்கூடத் திருப்புவார். எல்லாக் கட்டடத்திலும் அதில் கைதேர்ந்தவர் என்று ஒருவர் இருப்பார். இந்தக் கட்டடத்திலும் இருந்தார். அவரைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கிற பிரேக்கர் ஒன்று போர்டில் இருந்தது. ஆனால் ஒயர் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

"அது அடிக்கடி விழுந்துகிட்டே இருந்துச்சும்மா" என்றார் டீச்சர். "நம்ம எலெக்ட்ரீஷியன்தான் டைரக்டா குடுத்தாரு. அதுக்கப்புறம் தொந்தரவே இல்ல."

"கொரைக்கிற நாய வித்துட்டு, இப்ப நல்லா தூக்கம் வருதுன்றீங்க" என்றார் சேகர் அண்ணன்.

நான் மெயின் சுவிட்ச் பக்கம் பார்த்தேன். டீச்சர் புரிந்துகொண்டு கையை ஆட்டினார். "ஐயோ, அது வேணாம்மா. ரெண்டாவது மாடி தம்பி வீட்லேருந்து வேலை பாக்குறாரு, மீட்டிங்ல இருக்காரு. போன தடவை ஆஃப் பண்ணதுக்கே அசோசியேஷன் குரூப்ல பத்து நாள் சண்டை."

"தேவையில்ல மேடம், ஃபியூஸைக் கழட்டினாப் போதும்" என்றேன். என் டிப்ளமாக் குரலில்.

திருகு சிவப்பில் நின்றது. சிவப்பு ஃபேஸின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். சிவப்பு விளக்கு அணைந்தது. ஸ்டார்ட்டரில் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. யாரும் திரும்ப மாட்டிவிடக் கூடாது என்று கட்டையை பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அது நல்ல பழக்கம் என்று பாலிடெக்னிக்கில் சொல்லித் தந்திருக்கிறார்கள். என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

"இன்னாம்மா டிப்ளமா, கயட்டிட்டியா?"

"கழட்டிட்டேன்ணா. இதோ பாருங்க."

அவர் பாக்கெட்டைப் பார்த்தார், தலையாட்டினார். டீச்சர், "ஒரு நிமிஷம் தம்பி" என்று கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்தார். வழக்கமாக எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு இறங்குகிற சேகர் அண்ணனும் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னிக்கு எந்த சாமி டியூட்டில கீதோ" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு அலுமினிய ஏணியில் இறங்கினார். உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். அவர் குனிந்து இரண்டு கையாலும் மோட்டாரைப் பிடித்து அசைத்தார். நான் மேலே குத்துக்காலிட்டு, மோட்டாரில் கட்ட வேண்டிய கயிற்றைப் பிடித்திருந்தேன்.

அப்போது மூன்றாவது மாடி ராகவன் சார் காலி வாளியோடு இறங்கி வந்தார். பத்து மணியிலிருந்து தண்ணீர் வராது என்று டீச்சர் குரூப்பில் போட்டிருந்தார். அந்தக் குரூப்பைத்தான் பத்து நாள் சண்டையில் சார் மியூட் செய்து வைத்திருந்தார். சம்ப் முன்பக்கம், போர்டு படிக்கு அடியில். அவர் எங்களைப் பார்க்கவில்லை. போர்டைப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரியவில்லை. அவருக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான். ஃபேஸ் போய்விட்டது.

திருகு திரும்புகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதைத் தொடர்ந்து ஸ்டார்ட்டர் இழுக்கிற சத்தம். மேல் தொட்டி காலி, ஆட்டோ கருவி தன் வேலையைச் செய்துவிட்டது. அதையும் நான் அணைத்திருக்க வேண்டும்.

கீழே மோட்டார் உறுமியது. சேகர் அண்ணன் கத்தவில்லை. தொண்டையிலிருந்து ஒரே மாதிரியான ஒரு சத்தம் மட்டும் வந்தது. கைகள் மோட்டாரைவிட்டு வரவில்லை. கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்து நின்றது.

என் கை ஏணியை நோக்கிப் போனது. இதை நீங்கள் நன்றாக மனதில் வைக்க வேண்டும். எத்தனை படித்திருந்தாலும் உங்கள் கையும் போகும். கண் முன்னால் தெரிந்தவர் துடிக்கும்போது பிடித்து இழுக்கத்தான் உடம்பு பாயும். ஏணியின் கால்கள் தண்ணீருக்குள் நிற்பதை நான் கடைசி நொடியில்தான் பார்த்தேன். தொட்டிருந்தால் டீச்சர் இரண்டு பேருக்கு ஜெபம் செய்ய வேண்டியிருந்திருக்கும்.

கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினேன். பத்தடிதான் இருக்கும். ராகவன் சார் போர்டுக்கு முன்னால் திருப்தியோடு நின்றுகொண்டிருந்தார். ஸ்டார்ட்டரில் சிவப்புப் பொத்தான் என் கண் எதிரே இருந்தது. அதை அழுத்தவில்லை. அழுத்தினால் நிற்கும் என்று நிச்சயமில்லை, ஆட்டோ கருவி திரும்பப் போட்டுவிடலாம். திருகையும் தொடவில்லை, எந்தப் பக்கம் திருப்பினால் எது வரும் என்று யோசிக்க நேரமில்லை. அவசரத்தில் கைக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேடாதீர்கள், சந்தேகத்துக்கு இடமில்லாததைத் தேடுங்கள். சாரைத் தோளால் இடித்தேன். அவர் வாளியோடு போய் மாடிப்படியில் உட்கார்ந்தார். மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

கட்டடமே அமைதியானது. மேலே எங்கோ மிக்ஸி நின்றது. "கரண்ட் போச்சு" என்று யாரோ கத்தினார்கள்.

திரும்பி ஓடினேன். சேகர் அண்ணன் சுவரில் சாய்ந்து மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, பார்வை என்மேல் இல்லை. "அண்ணா!" சம்ப் விளிம்பில் குனிந்தேன். "அண்ணா! சேகர் அண்ணா!" பாக்கெட்டில் இருந்த ஃபியூஸ் கட்டை தொடையில் அழுத்தியது. அவர் இருமினார். இரண்டு முறை. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"ஏம்மா டிப்ளமா," என்றார், "கயட்டிட்டேன்னியே. எந்த ஊரு ஃபியூஸ கயட்டுன?"

அவரை வெளியே எடுக்க ராகவன் சாரும் நானும் உள்ளே இறங்கினோம். நாங்கள் மேலே வரும்வரை டீச்சர் மெயின் சுவிட்சுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். இரண்டாவது மாடித் தம்பி, "ஆன்ட்டி, கிளையன்ட் லைன்ல இருக்காங்க!" என்று ஓடி வந்திருக்கிறார். "சுவிட்ச் பக்கம் கை போச்சு, முட்டி பேந்துடும். போய்ப் படியில உக்காரு" என்று டீச்சர் சொன்னாராம். முப்பது வயது ஆள் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போக அவரை ஆட்டோவில் ஏற்றும்போது டீச்சர் அழுதுகொண்டே, "கர்த்தர்தான் காப்பாத்தினாரு தம்பி, ஜெபம் பண்ணினோமே" என்றார்.

"பண்ணோம் டீச்சர்" என்றார் சேகர் அண்ணன், பல் கிட்டிக்கொண்டிருந்த நிலையிலும். "கூடவே மெயினையும் ஆஃப் பண்ணிருந்தா அவருக்கும் வேல கொறஞ்சிருக்கும்."

இரண்டு உள்ளங்கையிலும் தீக்காயம். இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை என்று ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். அந்த ஒரு நாள் நான் எப்படி இருந்தேன் என்று எழுதினால் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள், விட்டுவிடுகிறேன்.

மாலையில் மேனேஜர் போன் செய்தார். "மூணாவது மாடிக்காரர் சுவிட்ச் போட்டுட்டாருன்னு ரிப்போர்ட் எழுதிடும்மா. பொய் ஒண்ணும் இல்லியே. நடந்ததுதானே?"

நடந்ததுதான். டீச்சரும் அதற்குச் சாட்சி சொல்லத் தயாராக இருந்தார். ராகவன் சாரோ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "பத்து வருஷமா நான்தாம்மா மாத்துறேன், ஒரு நாள்கூட இப்படி ஆனதில்ல" என்று என்னிடமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாப் பழியையும் ஏற்றிக்கொள்ள அவர் முகம் தயாராக இருந்தது. நான் எழுதினேன். ஒரு பக்கம், நல்ல கையெழுத்தில். அந்தப் பக்கத்தில் என் பெயர் கடைசியில், கையெழுத்துப் போடுகிற இடத்தில் மட்டும்தான் இருந்தது.

அதைப் பையில் வைத்துக்கொண்டு வார்டுக்குள் போனேன்.

"இன்னா எழுதுன?" என்றார் சேகர் அண்ணன்.

"மூணாவது மாடி சார் ஃபேஸ் மாத்திட்டாருன்னு."

"நெசந்தான்." கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். "போர்டுல எத்தினி கட்டை இருந்துச்சி?"

"மூணு."

"நீ எத்தினி கயட்டுன?"

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"நான் இஸ்கூல் பக்கம் ஒதுங்குனதில்லமா. ஆனா மூணு வரிக்கும் எண்ணுவேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு டீ கேட்டார். கை இரண்டும் கட்டுக்குள் இருந்ததால் நான்தான் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். மூன்று ஃபியூஸில் ஒன்றை மட்டும் கழற்றினேன், ஆட்டோ கருவியை அணைக்கவில்லை, மெயினை அணைக்கக் கேட்டு வற்புறுத்தவில்லை, போர்டுக்கு முன்னால் யாரையும் நிறுத்தவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். ராகவன் சாரைப் பற்றி ஒரு வரி மட்டும் எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு, "உனக்கு நீயே சூனியம் வெச்சிக்கிற" என்றார். சொன்னது பலித்தது. நான்கு மாதம் நான் தனியாக எந்த வேலைக்கும் பொறுப்பேற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. நான் கழற்றுவதை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவிடம் போய், இனிமேல் அந்தச் சான்றிதழைக் கூடைப் பக்கம் வைக்காதே என்றேன். "அந்தப் புள்ள பொயச்சிகினானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப வெப்பேன். இல்லாங்காட்டி வெச்சிருக்க மாட்டேன்" என்றார்.

மூன்று வாரம் கழித்து சேகர் அண்ணன் வேலைக்கு வந்தார். முடிச்சூர் மோட்டார் அதுவரை சம்ப்பிலேயே கிடந்தது. போர்டில் சப்ளையைத் துண்டித்துவிட்டு வந்திருந்தோம், எட்டு வீடும் லாரித் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது. விபத்து நடந்த இடம் என்று மற்றவர்கள் போகத் தயங்கினார்கள். சேகர் அண்ணன் நானே போகிறேன் என்றார், கூட என்னை அனுப்பச் சொன்னார். மேனேஜருக்குப் புரியவில்லை.

"வேற ஆளு வந்தா அவன் புச்சா ஒரு தப்பு பண்ணுவான் சார்" என்றார். "இவ பண்ணி முட்சிட்டா."

இந்த முறை டீச்சரிடம் நான் அனுமதி கேட்கவில்லை, நேரம் மட்டும் கேட்டேன். எட்டு வீட்டுக் கதவையும் தட்டிச் சொன்னேன். மெயினை இறக்கினேன். மூன்று கட்டைகளையும் கழற்றினேன். ஆட்டோ கருவியை அணைத்தேன். மெயின் கைப்பிடியில் என் ஸ்கூட்டரின் பூட்டைப் போட்டு, சாவியைச் சேகர் அண்ணன் கையில் கொடுத்தேன். தண்ணீரில் இறங்குகிறவரிடம்தான் சாவி இருக்க வேண்டும். இப்போது நம் கடையில் அது சட்டம். அன்றைக்கு அது என் யோசனை. அதனால் அவர் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என் டெஸ்டரை நீட்டினேன், வாங்கவில்லை. தன்னுடையதை எடுத்தார். முதலில் மெயினுக்கு முன்னால், தெருவிலிருந்து கரண்ட் வருகிற பக்கம் வைத்துப் பார்த்தார், எரிந்தது. டெஸ்டர் வேலை செய்கிறது. பிறகு ஸ்டார்ட்டரில் வைத்தார், எரியவில்லை. அதோடு முடியவில்லை. திருகைச் சிவப்பில் வைத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினார். மஞ்சளில் வைத்து அழுத்தினார். நீலத்தில் வைத்து அழுத்தினார். மோட்டார் எதற்கும் மூச்சுவிடவில்லை. ராகவன் சார் மாடிப்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சேகர் அண்ணன் அவரைக் கூப்பிட்டார்.

"சார், நீயும் வந்து ஒரு தபா திருப்பு. உன் கைக்கு ஓடிப் பழகின மோட்டாரு."

சாரும் வந்து, பயந்துகொண்டே மூன்று பக்கமும் திருப்பினார். ஓடவில்லை.

எனக்கு முகம் எரிந்தது. இத்தனை செய்தும், சாவியையே கொடுத்தும், எல்லோர் முன்னாலும் இப்படிச் சோதிக்கிறாரே என்று இருந்தது. அவர் ஏணியில் கால் வைத்தார். நின்று, என்னைப் பார்த்தார்.

"கோவமா கீறியா?"

"இல்லண்ணா."

"இருக்கட்டும். கோவம் இருந்தா நல்லா கவனிப்ப" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அரை மணி நேரத்தில் பழைய மோட்டார் வெளியே வந்தது. புதியது மாலைக்குள் ஓடியது. கசிவைப் பிடிக்கிற பிரேக்கரையும் திரும்ப இணைத்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் அவரோடு வேலை செய்திருக்கிறேன். கழற்றிவிட்டேன் என்று நான் சொன்னதை அவர் ஒரு நாளும் நம்பியதில்லை. நான் மேற்பார்வையாளர் ஆன பிறகும் நம்பவில்லை. எங்கள் இருவருக்கும் அதனால் ஒரு மனக்கசப்பும் வந்ததில்லை, என் அம்மாவிடம் மீன் வாங்கும்போது பேரம் பேசுவது தவிர. நீங்களும் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். டிப்ளமா சொன்னாலும், டிகிரி சொன்னாலும், இதை எழுதுகிற நான் சொன்னாலும், போய் எண்ணிப் பாருங்கள், பிறகு இறங்குங்கள்.

அடுத்த வாரம் முதல் சேகர் அண்ணன் உங்களோடு வருவார். நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு நிற்பீர்கள். அவர் உங்கள் முகத்துக்கு எதிரேயே திருகைத் திருப்பித் திருப்பி மூன்று முறை பச்சைப் பொத்தானை அழுத்துவார். முகம் சுளிக்க வேண்டும்போல் இருந்தால், அவர் இறங்கிய பிறகு சுளித்துக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாது.